குவைத்திலிருந்து வந்த கோடுகள்

என் மனைவி குவைத்தில் நர்ஸ் வேலைக்குப் போன பிறகு, சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் ஒரு கைப்பட்டை செய்தேன். கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், கையின் அசைவெல்லாம் என் போனில் வண்ணக் கோடுகளாக விழும். வேகத்துக்குச் சிவப்பு, நிதானத்துக்கு நீலம். விடுமுறைக்கு வந்தவள் திரும்பக் கிளம்பியபோது அவள் கையில் அதைக் கட்டிவிட்டேன்.

டூட்டியில் கட்டக்கூடாது என்பதால் அறையில் இருக்கும்போது மட்டும் கட்டிக்கொள்வாள். துணி துவைத்ததும் சப்பாத்தி தேய்த்ததும் படமாக வரும். வேலை முடிந்து கடலூர் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த படத்தில் சிவப்பே இல்லை. ஒரே இடத்தில் சின்னச் சின்ன நீல வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. உடனே போன் செய்தேன்.

"இன்னிக்கு என்னா பண்ண? படம் ரொம்ப அழகா இருக்குது."



"ஒண்ணும் இல்லங்க. சும்மா படுத்திருந்தேன். பாப்பா ஞாபகம் வந்துடுச்சி. தலவாணியத் தட்டிக்கினே இருந்தேன்."

"லீவு கேட்டுப் பாரேன்."

"கேக்கறேங்க. குடுக்க மாட்டாங்க."

அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூன்று வயது மகள் தரையில் விரித்துப் பார்த்தாள்.

"கடலாப்பா?"

"இல்லமா. அம்மா உன்னத் தட்டித் தூங்க வெக்கிறாங்க."

அவள் சட்டையைத் தூக்கிவிட்டு, வெற்று முதுகைப் படத்தின்மேல் வைத்துப் படுத்தாள். அசையாமல் காத்திருந்தாள்.

"தட்டலியேப்பா" என்றாள்.

நான் பக்கத்தில் படுத்து அவளைத் தட்டிக்கொடுத்தேன். அவள் தூங்க வெகுநேரமாயிற்று.