அவாய்டு

என் பர்ஸில் நாலாக மடித்த ஒரு தாள் ஆறு வருடம் இருந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த தாள். அதில் எனக்குப் படிக்கத் தெரிந்தது மூன்றுதான்: ஆக்சிடென்ட், அவாய்டு, அக்காவின் பெயர். இப்போது தாள் இல்லை. பர்ஸைத் திறக்கும்போதெல்லாம் கை அந்த இடத்துக்குப் போய்த் திரும்புகிறது.

நெய்வேலிச் சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை வாரிப் போடும் கான்ட்ராக்ட் கும்பலில் அப்போது இருந்தேன். ஓட்டல், செங்கல் சூளை, லாரி என்று எங்கேயும் ஆறு மாதம் தாங்காதவன் நான். எட்டாம் வகுப்பில் பாதி படித்திருந்தேன். மற்ற ஏழு பேருக்கு அதுவும் இல்லை என்பதால், இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். அந்த ஏழு பேரில் ஒரே பெண் அக்கா. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வருவார். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்ததும் மோர் மிளகாயை முதலில் எங்களுக்குப் பங்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

ஒருநாள் காலை ஷிஃப்டில், பெல்ட்டின் வால்முனையில் குனிந்த எங்கள் மேஸ்திரியின் கழுத்துத் துண்டு உருளையில் சிக்கிக்கொண்டது. நாங்கள் அவர் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தோம். அக்கா மட்டும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேறு பக்கம் ஓடினார். இழுத்தால் பெல்ட்டை நிறுத்தும் கயிறு பத்தடி தள்ளியிருந்த தூணில் தொடங்குகிறது. அது அந்த நேரத்தில் எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை. பெல்ட் நின்றது, துண்டு கிழிந்தது, மேஸ்திரி எங்கள் மேல் விழுந்தார். நாங்கள் இழுத்த இழுப்பில்தான் பிழைத்தார் என்று நாங்கள் நம்பினோம்.

"எல்லாரும் என்னப் புடிச்சிகினு நிக்கறானுங்க, இந்தம்மா எனக்கென்னான்னு ஓடுது பாரு" என்றார் மேஸ்திரி, பாதி விளையாட்டாக.

"நான் ஓடிப் போயி கயித்த இழுக்கலன்னா, நீ இந்நேரம் கரியோட கரியா பவர் ஹவுஸ்ல எரிஞ்சிகினு இருப்ப" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் கயிற்றை இழுத்ததை எங்கள் கும்பலில் யாரும் பார்த்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். "படிடா, ஆபீசுல என்னா எழுதிகிறாங்கன்னு பாப்பம்" என்றார் மேஸ்திரி. அவாய்டு என்ற சொல் எனக்குத் தெரியும். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கொடுத்த சீட்டில் உப்பு அவாய்டு, ஊறுகாய் அவாய்டு என்று இருந்தது. டீக்கடையில் பையன்கள், "அவ என்ன அவாய்டு பண்றா மச்சி" என்று புலம்புவார்கள். இரண்டிலும் அதற்கு ஒதுக்குவது, ஒதுங்குவது என்றுதான் பொருள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். படித்தவன் என்ற பெயர் போய்விடுமே.

"ஆக்சிடென்ட் நேரத்துல அக்கா ஒதுங்கிட்டாங்கன்னு போட்டிருக்கு" என்றேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லாப் பாரு தம்பி. கயிறுன்னு எங்கயாவது இருக்குதா?"

ரோப் என்ற சொல்லைத் தேடினேன். அதற்கு இங்கிலீஷில் வேறு பெயரும் உண்டு என்று எனக்குத் தெரியாது. "இல்லக்கா" என்றேன்.

அன்றைக்கு மோர் மிளகாயை யாரும் தொடவில்லை. மேஸ்திரி வேலை பிரிக்கும்போது அக்காவின் பெயரை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார். வேனில் அவர் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. இரண்டு வாரத்தில் அக்கா நின்றுவிட்டார். புது நோட்டீஸ் ஒட்டுவதற்காகப் பழையதைப் பிய்த்துப் போட்டபோது, நான் அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதோடு நானும் ஊரை விட்டேன்.

போன மாதம் ஓசூரில் அறையில் உடன் இருந்தவன், மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து தாளின் மேல் போனைப் பிடித்தான். திரையில் தமிழ் வந்தது. அக்கா கயிற்றை இழுத்ததால் பெரிய விபத்து தவிர்க்கப்பட்டது. திரும்பப் பிடிக்கச் சொன்னேன். அதேதான் வந்தது. உப்பைத் தவிர்ப்பது விட்டு விலகுவது. விபத்தைத் தவிர்ப்பது ஓடிப் போய்த் தடுப்பது. அக்காவை நாங்கள் தவிர்த்தோமே, அது எதில் சேரும்? ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் நிற்கிறது என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

வடக்குத்துக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கொட்டையின் பால் பட்டுக் கறுத்திருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"கயித்த இழுத்த கை என்னுது. எனக்கே வந்து படிச்சிக் காட்டறியா? மேஸ்திரிகிட்டப் போயிப் படி. ஷிஃப்ட் வுட்டதும் கேட்டாண்டதான் டீ குடிச்சிகினு இருப்பாரு."

இருந்தார். கழுத்தில் வேறு துண்டு. "இன்னாடா, படிச்சவன் வந்துட்டான்" என்றார். தாளைப் பிரித்தேன். அந்தச் சொல்லைச் சொல்லப் பயமாக இருந்தது. விட்டுவிட்டு, "அக்காதான் கயித்த இழுத்து பெல்ட்ட நிறுத்துனாங்கன்னு இதுல போட்டிருக்கு" என்றேன்.

அவர் கை துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டது. "அப்ப அன்னிக்கு நீ என்னாத்தடா படிச்ச?"

தாளை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல், வடக்குத்துப் பக்கம் நடந்தார். அக்காவைப் பார்க்கப் போகிறாரா, என்னை விட்டு விலகிப் போகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் முதுகு மறையும்வரை, காலியான பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.