மீசை அழிந்த சுபேதார்

நல்லமுத்து சுபேதார் எலக்சனுக்குப் பயந்து ஓடிப்போனார் என்று டீக்கடையில் இன்னமும் பேசுகிறார்கள். பேசுகிறவன் வீட்டு ரேடியோப் பெட்டி மேல் அவர் பொம்மைதான் நிற்கிறது. வார்த்தவன் நான்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டையில் முப்பது பேரை நடத்திப் போய் ஒரு பாலத்தைப் பிடித்தவர். பேப்பரில் வந்த படத்தைப் பார்த்து, தொப்பியும் முறுக்கு மீசையுமாக அச்சு செய்தேன். மாசி மகத்தில் முதல் சூளைப் பொம்மைகள் இரண்டே நாளில் தீர்ந்தன. பிளாஸ்டர் அச்சு நூறு வார்ப்புக்கு மேல் தாங்காது, முகம் மழுங்கிவிடும். தெரிந்தும் அதிலேயே வார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தேழில் கட்சிக்காரர்கள் வந்தார்கள். "நீங்க பேசவே வேணாம், நின்னா போதும். வூட்டுக்கு வூடு உங்க மூஞ்சி இருக்குது" என்றார் அவர்களை அழைத்து வந்த பக்கிரி. சுபேதார் கையிலிருந்த டீ தளும்பியது.

"என்னண்ணே, குண்டுக்கு நடுங்காத கை ஓட்டுக்கு நடுங்குது?" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

மறுநாள் ஜீப்பில் சேத்தியாத்தோப்புக்கு அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். அந்த முப்பது பேரில் ஒருவனாகப் போய்ச் செத்த கோவிந்தராசுவின் தாயார் காசியம்மாள் வீடு. மாடத்தில் என் பொம்மை, குங்குமம் வைத்து. கடைசி வார்ப்பு போலிருக்கிறது, மீசையே இல்லை. இருபது வயசுப் பையன் முகம்.

"பாருங்கய்யா, எம் புள்ள மாதிரியே இருக்குது" என்றாள் அந்த அம்மா. "அவன் சாவறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன் தாயி."

"எப்பிடிச் செத்தான்னு மேடையில சொல்லுங்க. ஊரு கேக்கட்டும்."

பக்கிரிக்கு ஒரே குஷி. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல அம்மாவயே மேடையில உக்கார வெச்சிடலாம்."

திரும்பி வந்ததும் என் பட்டறையில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாலத்துல வெடி பொதச்சிருப்பான்னு தெரியும், சுப்புராயா. யாராவது முன்னால போவணும். சொன்னா கேக்கற பையன் கோவிந்தராசுதான். போடான்னேன். திரும்பி என்னைப் பாத்தான். மறுபடியும் போடான்னேன்."

அலமாரியில் வரிசையாக நின்ற பொம்மைகளின் பக்கம் இருவருமே திரும்பவில்லை.

வியாழக்கிழமை காலையில் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்தார். அவர் கை ஈரக் களிமண் போல ஜில்லென்றிருந்தது.

"நாளைக்கு அந்தம்மா மேடையில தனியா உக்காந்திருக்கும். நீ முன்னாடியே போயி நான் வரமாட்டேன்னு சொல்லிடு. ஏன்னு கேக்கும். எலக்சனுக்குப் பயந்து ஓடிட்டான்னு சொல்லு. வேற எதுவும் சொல்லிடாத."