கிளேத்தோ கனவில் சொன்ன தேதி

அமெரிக்கப் பாலைவன ஊரான டூசானின் தென்கோடியில், வருஷத்தில் பத்து நாள் மட்டும் தண்ணீர் பார்க்கும் ஆற்றையொட்டிய பள்ளத்தெரு அது. பிப்ரவரி பிறந்தால் போதும், அங்கே ஆண்களுக்கு நாற்று நடக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். பகலில் அரைக்கைச் சட்டையோடு அலையலாம், அவ்வளவு இதமான வெயில். ஜூனில் அதே வெயில் தக்காளிப் பூவைக் கருக்கி உதிர்த்துவிடும், அதற்குள் காய் பிடித்தாக வேண்டும். அவசரப்பட்டு நட்டாலோ, ஒரு விடியற்காலை உறைபனி இறங்கி நாற்றை அவித்த கீரையாக்கிப் போட்டுவிடும். என்றைக்கு நடுவது என்பதுதான் அந்தத் தெருவுக்கு இருந்த ஒரே பெரிய கேள்வி.

முப்பத்தைந்து வருஷமாக அதைத் தோன் கிளேத்தோவிடம், அதாவது கிளேத்தோ ஐயாவிடம்தான் கேட்டார்கள். அவரோ லாரி மெக்கானிக். வெங்காயத்தாளுக்கும் கோரைப்புல்லுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. வேலியருகே யாராவது வந்து "நடலாமா?" என்றால் வானத்தைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், "இரு, பீர் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போவார். உள்ளே அவர் மனைவி ஹெர்மீனியா மாவு பிசைந்துகொண்டிருப்பாள்.

"நடலாமான்னு கேக்குறான்டி."

"இன்னும் பன்னெண்டு நாள் போகட்டும்."

பீரோடு வெளியே வந்து அதையே சொல்வார். ஒரு வருஷமும் தப்பியதில்லை. தெருவே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

கல்யாணமான புதிதில் ஒரே காலையில் தோட்டம் முழுவதையும் பனிக்குப் பறிகொடுத்தவள் ஹெர்மீனியா. அதிலிருந்து குளிர்காலம் முழுக்கத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் தட்டில் தண்ணீர் வைப்பாள். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குக் கிளம்பும் முன் உறைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஆற்றங்கரை மெஸ்கீட் மரத்தையும் பார்ப்பாள். நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி அது, மகா கஞ்சன். குளிர் அடியோடு தொலையாமல் ஒரு துளிர் விடாது. இதையெல்லாம் அவளிடம் எவனும் கேட்டதில்லை. புருஷன் பெருமை தன் பெருமை என்று அவளும் ஏமாந்திருந்தாள்.

போன அக்டோபரில் கிளேத்தோ மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிப்ரவரி வந்தது. இனி தன்னைக் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். ஆசையோடுதான் காத்திருந்தாள், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒருவரும் வரவில்லை. பதினான்காம் தேதி எதிர்வீட்டு ருபேர்த்தோ வண்டியிலிருந்து தக்காளி நாற்றுப் பெட்டியை இறக்கினான். அவன் மகளுக்கு ஞானத்தாய் ஹெர்மீனியா. அந்த உறவில் அவன் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே. அவளே தெருவைக் கடந்து போனாள்.

"கொம்பாத்ரே, அவசரப்படாதீங்க. இன்னும் பனி இருக்கு."

"அட போங்க கொமாத்ரே, மெஸ்கீட்டே துளிர்த்துடுச்சு! அது துளிர்த்தா நடலாம்னு தோன் கிளேத்தோ எத்தன தடவ சொல்லியிருக்காரு."

"அது ரோட்டோரம் வச்ச நர்சரி மரம். வேற நாட்டு ஜாதி, அதுக்கு நம்ம குளிரப் பத்தி என்ன தெரியும்? ஆத்தங்கரை மரத்தப் போய்ப் பாருங்க, மொட்டையா நிக்குது."

"போன்லயும் பனி இல்லன்னுதான் போட்டிருக்கு."

"போன் விமான நிலையத்துக் குளிரச் சொல்லுது. நாம பள்ளத்துல கெடக்குறோம், எல்லாக் குளிரும் இங்கதான் வந்து தேங்கும்."

ருபேர்த்தோ சிரித்தான். "நீங்க போய் ரெஸ்ட் எடுங்க. அவரு இருந்தா இந்நேரம் நட்டிருப்பாரு."

ஹெர்மீனியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரமே தெரு முழுக்க நட்டு முடித்தது. அவள் பாத்தியில் மட்டும் வெறும் மண்.

மார்ச் மூன்றாம் தேதி பனி இறங்கியது. விடிந்தபோது வீட்டுக்கு வீடு நாற்று கறுத்துத் தொங்கியது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்றால் பொய்.

மத்தியானம் ஏழெட்டுப் பேர் அவள் வேலியருகே கூடினார்கள். வெறும் பாத்தியைப் பார்த்ததும் ருபேர்த்தோவின் மனைவி சாயோ நெஞ்சில் கை வைத்தாள்.

"பாத்தீங்களா, ஒரு நாத்துகூட நடல! தோன் கிளேத்தோ கனவுல வந்து சொல்லிட்டாரு!"

"கனவும் இல்ல, கினவும் இல்ல," என்றாள் ஹெர்மீனியா. "நான் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது. முப்பத்தஞ்சு வருஷமா உள்ளேருந்து அந்த மனுஷனுக்குச் சொல்லி அனுப்புனதே நான்தான்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயோ அவள் தோளைத் தடவினாள். "பாவம், துக்கம் இன்னும் ஆறல."

ருபேர்த்தோ அதற்குள் புது நாற்றுப் பெட்டி ஒன்றை வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தான். "நாளைக்கே வச்சிடலாம்னு இருக்கேன். ஜூனுக்குள்ள காய்க்கணுமே."

"வேணாம். இன்னொரு பனி பாக்கி இருக்கு."

அவன் தொப்பியைக் கழற்றினான். "அத நீங்க சொல்றீங்களா, அவரு சொன்னாரா?"

நடட்டும், சாகட்டும் என்று விட்டுவிட்டால் என்ன? 'நட்டுக்கோங்க' என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பெட்டியில் நாற்று பசேலென்று நின்றது. அது யாருக்கு என்ன பாவம் செய்தது? செத்த புருஷன்மேல் அந்த நிமிஷம் வந்த வெறுப்பு, அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

"அவருதான் சொன்னாரு," என்றாள். "நேத்து கனவுல வந்தாரு. பத்தொம்பதாம் தேதி, சூசையப்பர் திருநாளன்னிக்கு நடச் சொன்னாரு."

எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ருபேர்த்தோ மறுபேச்சில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சாயோ மட்டும் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி,

"மறுபடி வந்தாருன்னா மிளகாய எப்ப வைக்கிறதுன்னு மறக்காமக் கேட்டு வையுங்க கொமாத்ரே," என்றாள்.