வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு அடித்த பிறகு

பங்குச் சந்தை மோசடி வழக்கு என்றால் கேட்பவர்கள் கோட்டுச் சூட்டுப் போட்ட பெரும்புள்ளிகளை நினைத்துக்கொள்வார்கள். நான் கனிஷ்ட சட்டத்தரணியாக அமர்ந்த முதல் வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, நின்ற எங்கள் கட்சிக்காரர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் ஒருவர். தரகு நிறுவனமொன்றில் ஆலோசகர். சட்டைப் பையில் செபமாலை, கையில் இரண்டு தொலைபேசி. அவருடைய வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளவத்தை அன்ரிமார். ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் வங்கிக்காரிகளும். காலையில் கோயில், பிறகு பங்கு வியாபாரம். ஒருத்தி வாங்கியதை மற்றவளும் வாங்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

இந்த அன்ரிமாரோடு பேசிவைத்து, ஒரு சின்னக் கம்பனியின் பங்கை ஒரே நேரத்தில் வாங்கச் செய்து, விலையைப் பொய்யாக ஏற்றினார் என்பதுதான் அவர் மீதான குற்றச்சாட்டு. நிரூபணமானால் சிறை. அன்ரிமார் மீது வழக்கில்லை; அவர்கள் அரசு தரப்புச் சாட்சிகள்.

கொலை வழக்கென்றால் கத்தியைக் காட்டலாம். இங்கே காட்ட ஒன்றுமில்லை. பங்கு வாங்குவது குற்றமில்லை, பத்துப் பேர் வாங்குவதும் குற்றமில்லை. சந்தையை ஏமாற்றும் எண்ணத்தோடு பேசிவைத்து வாங்கினால்தான் குற்றம். மனதுக்குள் கிடக்கும் எண்ணத்தை அரச சட்டத்தரணி எப்படி வெளியே இழுப்பார்? நேரத்தைப் பிடித்துத்தான். அவருடைய நிபுணர் கூண்டில் ஏறி, திரையில் கோடுகளைக் காட்டினார். வெள்ளிக்கிழமைகளில் பத்தரைக்குப் பிறகு அநேகமாக ஒருவரும் அசையவில்லை. பன்னிரண்டு அடித்ததும் அத்தனை பேரும் ஒன்றாக வாங்கினார்கள். இதைக் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

"நாங்கள் ஒண்டையும் நிரூபிக்கத் தேவையில்லை. நியாயமான ஒரு சந்தேகம் போதும்," என்றார் எங்கள் சீனியர். "ஆனா அது எங்க கிடக்குது எண்டு தேடும், பிள்ளை."

நான் தேடவில்லை. அது எங்கள் வீட்டு வாசலில் வழிமறித்துக்கொண்டு நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை சீனியரைப் பார்க்கப் புறப்பட்ட என்னை அம்மா கதவடியில் மறித்தார்.

"இப்ப வெளிக்கிடாத. ராகு காலம். பன்னிரண்டு அடிக்கட்டும்."

சட்டம் படித்த பிள்ளைக்கு ராகுவாவது கேதுவாவது என்று எரிந்து விழ வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எதிரியிடம் ஓடினேன். "ஏன் அங்கிள் எங்களிட்டச் சொல்லேல்ல?"

"கோர்ட்டில ராகு காலம் எண்டா சிரிப்பாங்க எண்டு நினைச்சன், மகள். நான் வேதக்காரன் வேற. ஆனா அந்த நேரத்தில கோல் எடுத்தா அன்ரிமாரிட்ட நல்லா வாங்கிக் கட்டோணும். அதால பன்னிரண்டு அடிக்கும் வரைக்கும் நானா ஒருத்தருக்கும் கோல் எடுக்கிறதே இல்ல."

சாட்சி சொல்ல வந்த அன்ரி காஞ்சிபுரம் உடுத்திக் கலியாண வீட்டுக்கு வந்தவர் மாதிரிக் கூண்டில் நின்றார். சீனியர் குறுக்கு விசாரணையில் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: வெள்ளிக்கிழமை ஏன் பன்னிரண்டுக்குப் பிறகு?

"பிறகென்ன, ராகு காலத்தில ஆரும் புதுசா ஒண்டு வாங்குவினமோ?"

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லி முடிக்க முன்னமே நீதிபதிக்கு விளங்கிவிட்டது. ராகு காலம் பார்க்காத வீடு எந்தப் பக்கம் இருக்கிறது? அவருடைய கண் ஒருமுறை சுவர் மணிக்கூட்டுக்குப் போய் வந்தது.

அரச சட்டத்தரணி லேசுப்பட்ட ஆளில்லை. மீள்விசாரணைக்கு எழுந்தார். குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் வழக்கம்போலப் பன்னிரண்டுக்குப் பிறகு வாங்கியிருக்க, இந்த அம்மா மட்டும் பதினொரு மணிக்கே வாங்கியிருக்கிறாரே, அன்றைக்கு ராகு விடுமுறையா என்று கேட்டார். எதிரியின் கை செபமாலைக்குப் போனது.

அன்ரி அசரவில்லை. "அண்டைக்கு நான் லண்டனில மகள் வீட்டில நிண்டனான், தம்பி. இங்க பதினொண்டெண்டா அங்க விடியக்காலமை. நிக்கிற ஊர் ராகு காலத்தைத்தானே பாக்கிறது? பாஸ்போட்டில சீல் கிடக்கு, பாருங்கோ."

நீதிபதி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு சிரிக்காதவர் அரச சட்டத்தரணி ஒருவர்தான். பேசிவைத்து வாங்குகிறவர் மற்றவர்களோடு சேர்ந்தல்லவா வாங்கியிருப்பார்? எங்களை மடக்க அவர் எடுத்த அந்த ஒரு நாளே எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

தீர்ப்பும் ஒரு வெள்ளிக்கிழமையிலேயே வந்தது. எதிரி ஒரு சின்னப் பையோடு வந்திருந்தார். உள்ளே சாரம், துவாய், சவர்க்காரம். உள்ளே போட்டால் உதவட்டும் என்று மனைவி கட்டிக் கொடுத்தது. நீதிமன்றத்துக்கு வரத் தைரியமில்லாமல் மனைவி வீட்டில் இருந்துவிட்டார். அந்தப் பையைப் பார்த்த பிறகு எனக்கு யாரோடும் பகிடி விட மனம் வரவில்லை.

பதினொரு மணியளவில் நீதிபதி வாசித்தார். ஒரே வழக்கமுள்ளவர்கள் ஒரே நேரத்தில் வாங்கியதாலேயே சதி என்று சொல்ல முடியாது, நியாயமான சந்தேகம் இருக்கிறது, எதிரி விடுதலை. எனக்குக் கண் கலங்கியது. துடைக்கவும் தோன்றவில்லை. அப்படியொரு சந்தோஷம்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாசலை அன்ரிமார் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க போறியள்? இன்னும் ராகு காலம் முடியேல்ல. இருங்கோ!"

வேதக்காரர் திரும்பி வந்து தாழ்வார வாங்குப் பலகையில் அமர்ந்தார். பக்கத்தில் நானும் அமர்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவிக்கு அழைப்பு எடுத்தார்.

"விட்டுட்டாங்க... ஓம், என்னை விட்டுட்டாங்க. அழாதீங்க... இல்ல, இப்ப வரேலாது. பன்னிரண்டு அடிக்கட்டும்."