கரையேறிய துப்பாக்கிகள்

சுதந்திரம் வந்ததில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது ஓர் அவில்தார். மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது ஏழு வயது. நாட்டு நடப்பை விசாரிக்கிற வயதில்லை.

திருப்புல்லாணியிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் எங்கள் ஊர் வரும். உலகச் சண்டை நடந்தபோது ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பட்டாளம் எங்கள் கரையில் ஒரு கொட்டகை போட்டுக் காவல் இருந்தது. ஜப்பான்காரன் வரவில்லை. சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், பட்டாளமும் போனது. பழுதான துப்பாக்கிகள் சில மட்டும் கொட்டகையில் மிஞ்சின. ஒன்றில் கட்டை வெடித்திருக்கும், ஒன்றில் குழாயைத் துரு தின்றிருக்கும், இன்னொன்றைச் சுட்டால் குண்டு முன்னால் போகுமா பின்னால் வருமா என்று அல்லாவுக்குத்தான் தெரியும். இவற்றை ஒழித்துக்கட்ட உத்தரவு வரும்வரை காவல் இருக்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர்தான் அவில்தார். கொட்டகை எங்கள் வாப்பாவின் தோணித்துறையை ஒட்டி இருந்ததால் அவருக்குச் சோறு எங்கள் வீட்டில்.

அவருக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். சண்டைக்குக் கப்பலேறிப் போனபோது மனைவி பிள்ளைத்தாய்ச்சி. பெண் பிறந்த செய்தி காகிதத்தில் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான், ஆனால் அவர் அவளைக் கண்ணால் கண்டதில்லை. கரையிறங்கியவரை நேராக எங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு பஸ் தூரம்தான். ஆனால் ஆயுதத்தைத் தனியே விட்டுவிட்டு ஒரு பொழுதும் அகலக் கூடாது என்பது சட்டம்.

"அவுகளை இங்கன வரச் சொல்லலாமே?" என்று உம்மா கேட்டதுண்டு.

"எம் மகள மொதமொதல்ல இந்தத் துருப்பிடிச்ச கொட்டாயில வச்சா பாக்கணும்? எங்க வீட்டு வாசல்ல வச்சுப் பாக்கணும் மதினி" என்றார் அவர்.

உதவாது என்று தள்ளிய 'கண்டம்' துப்பாக்கி என்றாலும், ஒழிக்கிற நாள்வரை அதை நல்ல துப்பாக்கிபோலவே பேண வேண்டும் என்று இன்னொரு சட்டம் இருந்தது. எங்கள் உப்புக் காற்றுக்கு அந்தச் சட்டம் தெரியாது. காலையில் துடைத்து வைத்த இரும்பு சாயங்காலம் சிவந்துபோகும். அவில்தார் வெந்நீரை ஊற்றிக் குழாயைக் கழுவுவார். பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றை உள்ளே விட்டு, அதன் வாலில் எண்ணெய்த் துணியைச் செருகி இழுப்பார். அந்தத் துணி வெள்ளை. கிழிப்பதற்கு அடையாளமாகக் குறுக்கே சிவப்புக் கோடுகள் ஓடும். துடைத்தபின் குழாயை வெயில் பக்கம் திருப்பி ஒரு கண்ணால் பார்ப்பார். என்னையும் பார்க்கச் சொல்வார். உள்ளே வெளிச்சம் வட்டம் வட்டமாகச் சுருண்டு போகும். துப்பாக்கி என்றால் வெளிச்சம் பார்க்கிற சாமான் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

சங்கடம் தண்ணீரில் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல். நல்ல தண்ணீருக்கு உம்மா பனங்காட்டுக்கு அப்பால் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு, குடம் நிறையும்வரை குந்தியிருக்க வேண்டும். "குடிக்கிற புள்ளைக்கே தண்ணி இல்ல. இவரு இரும்புக்கு வெந்நி கேக்குறாரு. நாளைக்கிச் சாகப்போறதுக்கு இன்னைக்கி என்ன குளியல்?" என்பாள்.

வாப்பா சிரிப்பார். "பெருநாளைக்கு அறுக்குற குர்பானி ஆட்டக் குளிப்பாட்டுறோமா இல்லையா? அந்த மாதிரி நெனச்சுக்க."

உம்மா முணுமுணுத்துக்கொண்டே அடுப்பில் பானையை ஏற்றுவாள். ஒரு நாளாவது இல்லை என்று சொன்னதில்லை.

ஒரு வழியாக உத்தரவு வந்தது. மரக்கட்டைகளைக் கழற்றி எரிக்க வேண்டும், இரும்பை யாரும் எடுக்க முடியாத ஆழத்தில் கடலில் போட வேண்டும், ஓர் அதிகாரி வந்து கண்ணால் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். அதோடு அவில்தாருக்கு விடுதலை, வீட்டுக்குப் போகலாம். அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டு, சிவப்புக் கோட்டுத் துணியில் ஒரு பட்டை கிழித்து என் மணிக்கட்டைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டார். அந்தத் துணியை வாப்பாவிடம் கொடுத்து ராமநாதபுரம் ஆசாரியிடம் ஒரு வெள்ளிக் காப்பு செய்யச் சொன்னார். என் கையில் அளந்தால் என் காப்புதானே? தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். கட்டைகளைக் கடற்கரையில் குவித்து எரித்தார்கள். வைரம் பாய்ந்த மரம் சும்மா எரிவதை உம்மாவால் பொறுக்க முடியவில்லை. "சட்டத்துல எரிக்கணும்னுதான இருக்கு? மேல பானை வைக்கக் கூடாதுன்னு இல்லையே" என்று கேட்டு, அந்தத் தீயிலேயே எல்லோருக்கும் தேயிலைத் தண்ணீர் காய்ச்சினாள். அதிகாரி இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். குடித்திருக்கக் கூடாது.

வாப்பாவின் தோணியில் இரும்பை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். அதிகாரி மலைநாட்டு ஆள், தரையில் புலி. கரை கண்ணுக்கு மறையும் முன்பே பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு குடித்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டார். "இங்கேயே போடு, ஆழம்தானே?" என்று கேட்டிருக்கிறார். வாப்பா "ஆழம்தான்" என்றிருக்கிறார். அது நாலு ஆள் ஆழம். நீச்சல் தெரியாதவனுக்கு நாலு ஆள் ஆழமும் ஆழம்தானே என்று வாப்பா பின்னால் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். அவில்தாருக்கும் கடல் தெரியாது. இரும்பு முழுகியதைப் பார்த்தார், நிம்மதியானார். அதிகாரி கரைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பாராமல் ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் காலை அவில்தார் வேட்டி சட்டையில் இருந்தார். காக்கியில்லாமல் அவரைப் பார்க்க ஆள் இளைத்தது போலிருந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து காப்பை அளவுத் துணியோடு உள்ளே வைத்தார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இது ஒந் தங்கச்சிக்குத் தாயீ. என் மகளுக்கு. அவ கையளவு எனக்குத் தெரியாதுல்ல? அதான் ஒங் கையில அளந்தேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தெருவுக்கெல்லாம் என்ன பதில் சொல்வேன்? கொல்லைக்கு ஓடி இரண்டு கையையும் ஏந்தி, யா அல்லா, இவருடைய பஸ் வரக் கூடாது என்று துஆக் கேட்டேன். பஸ் வந்தது. ஆனால் அதற்கு முன்பே துப்பாக்கிகள் வந்துவிட்டன.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தோணியிலிருந்து தவறி விழுந்த பொருள் தோணிக்காரனுக்கே சொந்தம். நங்கூரமோ செம்போ, சங்கு எடுக்க முழுகுகிற குளியாள் கண்ணில் பட்டால் எடுத்துவந்து உரியவர் வீட்டில் சேர்த்துவிடுவார். அன்றைக்கு அவருக்கு அந்த வீட்டில் சாப்பாடு. யாரும் எடுக்க முடியாத ஆழம் என்று சட்டம் எழுதியவருக்கு எங்கள் ஊர்க் குளியாட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலும். அதிகாரி வாந்தி எடுத்த இடம் அசல் சங்குப் படுகை. விடிந்ததும் முழுகியவர்கள் சங்குக்குப் பதிலாக இரும்பைக் கண்டார்கள்.

ஈரம் சொட்டச் சொட்ட எங்கள் முற்றத்தில் அத்தனையையும் அடுக்கிவிட்டு, மூத்த குளியாள் பெருமையாக நிமிர்ந்தார். "மொதலாளி, நேத்து ஒங்க தோணியில மூட்டை அவுந்துபோச்சு போல. ஒண்ணு விடாம எடுத்தாந்துட்டோம். வீட்டுல சொல்லுங்க, நாங்க அஞ்சு பேரு."

பாகிஸ்தான் பிரிந்த அந்த வருஷத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டு முற்றத்தில் துப்பாக்கி கிடந்தால் என்ன பேச்சு வரும் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. என் துஆ இத்தனை சீக்கிரம் பலித்ததே என்ற பயம்தான் எனக்கு.

வாப்பா வாசல் கதவைச் சாத்தினார். "தம்பி, அதிகாரி கையெழுத்துப் போட்டாச்சு. ஒம் பொறுப்பு முடிஞ்சது. நீ பஸ்ஸப் பிடி. இத நான் பாத்துக்கிறேன்."

"எங்கன வச்சுப் பாத்துக்குவீங்க? போலீசு வந்தா ஒங்க வீட்டுல ஆயுதம்னுதான எழுதுவான்? அங்கன நான் எம் மகளத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கையில, இங்கன நீங்க வெலங்கோட நிக்கணுமா?"

அப்போது ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. உம்மா அவரைப் பார்த்தாள். அவர் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பஸ்ஸின் சத்தம் தேயும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது.

உம்மா ஐந்து பேருக்கும் சோறு போட்டாள். வழக்கம் வழக்கம்தானே. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னதும் மூத்த குளியாளுக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பிறகு அவரே வழி சொன்னார். "எங்களுக்கு எட்டாத எடத்துல போட்டா யாருக்கும் எட்டாது. நானே வாரேன், காட்டுறேன்."

பெரியவர்கள் மட்டும் கடலுக்குப் போனால் பார்க்கிறவன் ஏன் என்று கேட்பான். சின்னப் பிள்ளை கூட இருந்தால் ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சைக்குப் போகிறார்கள் என்று நினைப்பான். ஆகவே எனக்குப் புதுப் பாவாடை கட்டிவிட்டார்கள். இரும்பைப் பாய்க்கு அடியில் பரப்பி, மேலே நெய்ச்சோற்றுச் சட்டியை வைத்து, பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். துறையில் நின்றவர்களுக்கெல்லாம் நான் கை காட்டினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தீவுகளைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. குளியாள் முழுகித் தரையைத் தொட்டால் அடையாளத்துக்கு ஒரு பிடி மணல் அள்ளி வருவார். முதல் தடவை முழுகி வந்து கை நிறைய மணலைக் காட்டினார். இன்னும் தள்ளிப் போனோம். அடுத்த தடவை மேலே வர வெகுநேரம் ஆயிற்று. வாப்பா கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். வந்தபோது பிடியில் கொஞ்சம் சேறு இருந்தது. இன்னும் தள்ளிப் போனோம். மறுபடி முழுகியவர் தோணியைப் பிடித்துத் தொங்கி மூச்சு வாங்கினார். பிறகு விரல்களை விரித்துக் காட்டினார். வெறுங்கை.

"இங்கன போடுங்க" என்றார்.

அவில்தார் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் போட்டார்.

"மீனுக்குத் துரு ஒட்டாதுப்பா. போடு" என்று வாப்பா கிண்டல் செய்தார்.

"பழகிப்போச்சு அண்ணே" என்று சொல்லி, அடுத்ததையும் துடைத்தார். கடைசித் துப்பாக்கி போனதும் இரண்டு கையையும் உதறிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மறுநாள் பஸ்ஸை நானும் சேர்ந்தே கை காட்டி நிறுத்தினேன்.

அடுத்த ஏர்வாடிச் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு அவர் மனைவி மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு மூட்டை மிளகாய் வற்றல் கொண்டு வந்திருந்தார். மகளின் கையில் அந்தக் காப்பு இருந்தது. கையை இறக்கினால் கழன்று விழுந்துவிடும் என்று காப்பைச் சுற்றித் தடிமனாகத் துணி சுற்றியிருந்தார்கள். சிவப்புக் கோட்டுத் துணி, என் கையை அளந்த அதே பட்டை. அதற்குமேல் வேறு கந்தையும் சுற்றியிருந்தது.

எனக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தியா, இது என் அளவு. அதான் ஒனக்குச் சேரல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் என்னை அதட்டவில்லை. அவில்தார் என் மணிக்கட்டைப் பார்த்தார், அவள் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கம் மழை பொய்த்துப்போன வருஷங்கள் அவை. உம்மா எழுந்துபோய், பொரித்த மீனையெல்லாம் அவள் தட்டிலேயே வைத்தாள். எனக்கு வாலும் தலையும்தான் கிடைத்தன.

அவர்கள் திரும்பியபோது ஒரு சாக்குக் கருவாடு கூடப் போனது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் முதுகுளத்தூர் பஸ்ஸில் எங்கள் வீட்டுக் கருவாடு ஏறியது. அங்கிருந்து மிளகாய் இறங்கியது. மறு சந்தனக்கூட்டுக்கு வந்தபோது காப்பில் ஒரு சுற்றுத் துணிதான் இருந்தது. அதற்கு அடுத்த வருஷம் துணியே இல்லை. காப்பு மணிக்கட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் வந்ததும் வராததுமாக என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று படுக்கப் போகும்போது உம்மாவிடம் கேட்டேன்: "உம்மா, கடல் காத்து இல்லாத ஊர்ல வெள்ளி சுருங்குமா?"

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா புள்ள, சுருங்கும்" என்றாள்.

வெகுகாலம் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.