ஜன்னல் வழியாகப் போட்ட பை

அரியலூரில் அம்மா வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இன்றும் இரண்டு கட்டைப்பைகள் தொங்குகின்றன. ஏதோ ஒரு தீபாவளிக்குத் துணி எடுத்தபோது ஜவுளிக்கடையில் கொடுத்தவை. இரண்டும் ஊதா நிறம். இரண்டிலும் பட்டுப்புடவை கட்டிய அதே மணப்பெண், அதே சிரிப்பு. துவைத்துத் துவைத்து இப்போது ஒருத்திக்கு மூக்கு அழிந்துவிட்டது, இன்னொருத்திக்கு ஒரு கண் போய்விட்டது. அதனால் எது எந்தப் பை என்று யாரும் சொல்லிவிடலாம். நான் பத்தாவது படித்தபோது இருவருக்கும் மூக்கும் முழியும் சரியாக இருந்தன. அன்றைக்கு வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

ஒரு பை எனக்கு, இன்னொன்று தம்பிக்கு. எனக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு. பனி பெய்தால் இளைக்கும், லாரி போனால் இளைக்கும், ஒட்டடை அடித்தால் அடுத்த தெருவிலிருந்தே இளைக்கும். என் பையில் நீல நிற இன்ஹேலர், வெந்நீர்க் குடுவை, துண்டு, மாற்றுத் துணி. தம்பிக்கு எட்டு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் ஊசி போட்டாக வேண்டும். அவன் பையில் ஊசி மருந்தும், சர்க்கரை பார்க்கும் மிஷினும், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட மிட்டாயும் குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கும். சர்க்கரை உள்ள பிள்ளைக்கு மிட்டாய்ப் பையா என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். இனிப்பு நிறையக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று அத்தை ஒருத்தி அம்மாவிடம் சொன்னாள். அம்மா, அத்தை முன்னால் இருந்த அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நோய்தான் இப்படி என்றால் எங்கள் ஆசைகள் அதைவிட மோசம். சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்கும் எனக்கு, மூச்சு விடாமல் பாடிக்கொண்டு ஓடுகிற கபடிதான் பிடித்தது. நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும் தம்பிக்கு, வெயிலில் ஓடை ஓடையாக நடந்து கல் பொறுக்கத்தான் பிடித்தது. எங்கள் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். சுண்ணாம்புக்கல் கிடக்கிற ஓடைகளில் சங்கு, கிளிஞ்சல், நத்தைச் சுருள் எல்லாம் கல்லாகிக் கிடக்கும். கோடிக்கணக்கான வருடம் பழசு என்று தம்பி ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி வருவான். அம்மா அதில் ஒன்றை எடுத்து, பூனை தள்ளாமல் இருக்க இட்லி மாவுச் சட்டியின் மூடி மேல் வைத்துவிட்டாள். அவன் அழுதபோது, "இத்தன வருசம் சும்மாதான கெடந்துச்சு, இனிமேலாவது ஒரு வேல செய்யட்டும்" என்றாள். ஒன்றுக்குப் பாட்டும் இன்னொன்றுக்குக் கேரம்போர்டும் பிடிக்கிற மாதிரி பிறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்பது அவளுடைய நிரந்தரக் குறை.

அப்பாவுக்கு ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. எங்கள் இருவரைப் பற்றியும் அவரிடம் எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார். உடனே அம்மா "யாரு பாக்குறது?" என்பாள். அவர்கள் இத்தனை வருடம் நடத்திய குடித்தனத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு பேச்சுக்குள் அடங்கிவிடும். உண்மையில் பார்த்துக்கொண்டது அம்மாதான். நான் தூங்கும்போது என் கழுத்துக் குழியைப் பார்ப்பாள். அது உள்ளே போய் வந்தால் இளைப்பு வரப்போகிறது என்று அர்த்தம். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். வேர்த்திருந்தால் சர்க்கரை இறங்குகிறது. எங்களை அவள் ஆசையாகத் தடவிக் கொடுத்தாளா, சோதித்தாளா என்று எங்களுக்கே தெரியாது.

பெரம்பலூரில் பள்ளிகளுக்கிடையே பெண்கள் கபடிப் போட்டி வந்தது. என்னைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று விளையாட்டு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா பாத்துக்கலாம் என்றார். ஆடலாம், ஆடுவதற்கு முன் மருந்து அடித்துக்கொண்டால் போதும் என்று டாக்டரும் எப்போதோ சொல்லியிருந்தார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார் என்பது அம்மாவின் கட்சி. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். அவளும் கூட வருவாள். ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை எனக்கு இளைத்தாலும் அதோடு கபடிக்கு முழுக்கு. நான் சரி என்றேன். அந்த வயதில் கபடிக்காக நான் எதற்கும் சரி சொல்லியிருப்பேன்.

அதே நாளில் அரியலூரிலேயே ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தம்பி தன் கல்லையெல்லாம் பழைய பனியன்களில் சுற்றி, மருந்து இருந்த தன் பையிலேயே அடுக்கிக்கொண்டான். அவனை அப்பா அழைத்துப் போவது, என்னை அம்மா அழைத்துப் போவது என்று முடிவாகி, நால்வரும் பஸ் நிலையம் வரை ஒன்றாகப் போனோம். டீச்சரும் மற்ற பிள்ளைகளும் முந்தைய பஸ்ஸில் போய்விட்டார்கள். பெரம்பலூர் பஸ் உள்ளே நுழையும்போதே கூட்டம் அதன்மேல் பாய்ந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் இடம் பிடிக்கிற முறை எல்லாருக்கும் தெரியும். ஏறிப் போய் உட்கார்கிறவனுக்கு உரிமையில்லை. ஜன்னல் வழியாகத் துண்டோ பையோ போட்டவனுக்குத்தான் இடம். அப்பா கையில் இரண்டு பையையும் வைத்துக்கொண்டு ஓடினார், எட்டினார், ஒன்றை ஜன்னல் வழியாகப் போட்டார்.

அது ஏற்கனவே உட்கார்ந்திருந்த ஒருவர் மடியில் விழுந்தது. அவர் "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு தொடையைத் தடவிக்கொண்டே எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். இவ்வளவு நல்ல மனுஷர் இந்தக் காலத்தில் உண்டா என்று அம்மா வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தாள். பை ஏன் இப்படிக் கனக்கிறது, வெந்நீரைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றும் சொன்னாள். இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

எங்கள் ஆட்டம் வேப்பந்தட்டைப் பக்கத்துப் பள்ளியோடு. பஸ் தாமதமாகி, நான் இறங்கியதும் டீச்சர் வைத்திருந்த உடுப்பை மாட்டிக்கொண்டு நேராகக் களத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. முன்கூட்டி அடிக்க வேண்டிய மருந்தை அடிக்கவில்லை. அந்த அணியில் ஓர் உயரமான பெண் இருந்தாள். அவள் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். முதல் பாதியில் என்னை இரண்டு தடவை மண்ணில் சாய்த்தாள். இடைவேளைக்கு விசில் ஊதியபோது என் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்துவிட்டது. நான் அம்மாவைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். அவள் என் சிரிப்பைப் பார்க்கவில்லை, கழுத்துக் குழியைப் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டருகே உட்கார்ந்து, உள்ளே கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு பனியன். அதற்குள் ஒரு கல். அடுத்து இன்னொரு கல்.

அவள் பையைக் கவிழ்த்தே விட்டாள். நத்தையும் சங்குமாகக் கற்கள் உருண்டன. மேலே மிட்டாய்கள் சிதறின. அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. மருந்து இல்லாமல் நான் இங்கே, மிட்டாய் இல்லாமல் தம்பி அங்கே. அவள் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. எனக்குப் பயம் மூச்சைப் பற்றி இல்லை. முழுக்கு போட்டாயிற்றே என்றுதான் அழுகை வந்தது. அழுததில் இன்னும் இளைத்தது. இதற்குள் சுற்றி நின்ற கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. கபடி பார்க்க வந்தவள் பை நிறையக் கல்லோடு வந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? கழுத்தில் விசில் தொங்கிய ஒருவர் மிகுந்த மரியாதையோடு வந்து, "அம்மா, இது சின்னப் புள்ளைங்க ஆட்டம்ங்க. தோத்தா என்னங்க, கல்லு எதுக்குங்க?" என்றார்.

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வைக்கு ஒரு கல் எறிந்திருந்தாலே தேவலை. அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வேகமாக வந்தாள். கையில் இதே மாதிரி ஒரு கட்டைப்பை, பச்சை நிறம். உள்ளேயிருந்து அதே நீல இன்ஹேலரை எடுத்து, முந்தானையால் வாய்ப்பக்கத்தைத் துடைத்து நீட்டினாள்.

"இந்தாங்க, அடிங்க. எம் பொண்ணுக்கும் இதேதான்."

அவள் காட்டிய பெண், என்னை மண்ணில் சாய்த்த அதே உயரக்காரி. நான் மருந்தை இழுத்தேன். அம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இளைப்ப வெச்சுக்கிட்டா இந்த ஆட்டம் ஆடுது?"

"வெளாடுறதுக்கு முன்னாடி ரெண்டு அடிச்சுட்டு எறங்கிரும்ங்க. வேணாம்னா சோறு திங்காது. என்ன பண்றது, பைய தூக்கிட்டு நானும் பின்னாடியே அலையிறேன்."

இந்த இரண்டு மாவட்டத்திலும் இப்படிப் பை தூக்குகிறவள் தான் ஒருத்திதான் என்று அம்மா அதுவரை நினைத்திருந்தாள். யாரும் பார்க்காதபோது அழுவாள் என்று எனக்குத் தெரியும். அன்று எல்லார் முன்னாலும் அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

டீச்சரின் செல்போனில் அப்பாவைப் பிடித்தார்கள். பாத்துக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றுதான் அம்மா பேச்சையே ஆரம்பித்தாள். அவர் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார். கண்காட்சி வாசலில் தம்பிக்கு வேர்த்திருக்கிறது. பையைத் திறந்தால் இன்ஹேலரும் துண்டும். எதிரே சிறப்பு விருந்தினருக்காக வரவேற்பு மேசை. சந்தனம், பன்னீர், ஒரு தட்டு நிறையக் கற்கண்டு. அப்பா யாரையும் கேட்கவில்லை, தட்டோடு தூக்கிவிட்டார். விருந்தினர் வந்தபோது அவருக்குச் சந்தனமும் பன்னீரும்தான் கிடைத்தன.

தம்பி தெளிந்ததும் காட்சிக்கு வைக்கக் கல் இல்லையே என்று யோசித்து, என் இன்ஹேலரையே மேசையில் வைத்துவிட்டான். பார்வையிட வந்தவர்கள் இதென்ன என்று கேட்டிருக்கிறார்கள். இந்த ஊர் கடலாக இருந்தது, கடல் வற்றிச் சுண்ணாம்புக்கல் ஆனது, கல் சிமென்ட் ஆனது, லாரி ரோட்டுத் தூசியில் எங்கள் அக்காவுக்கு இது ஆனது என்று ஒப்பித்திருக்கிறான். ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

போனை வைத்தபோது எனக்கு மூச்சு சீராகிவிட்டிருந்தது. அம்மா மறுபடி என் கழுத்துக் குழியைப் பார்த்தாள். வீட்டுக்குக் கிளம்பு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கற்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"போ. முடியலன்னா கையத் தூக்கு."

போனேன். அந்த உயரக்காரி பாடி வந்தபோது அவள் கணுக்காலை நான் பிடித்தேன், விடவில்லை. என் மருந்தை அடித்துக்கொண்டு என்னையே பிடிக்கிறாயா என்று மண்ணில் கிடந்தபடியே அவள் கேட்டாள். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அதை அம்மா பார்க்கவில்லை. ஆவி பிடிப்பதில் நொச்சி நல்லதா துளசி நல்லதா என்று பச்சைப் பை அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வாசல் தாண்டும் முன் பையைத் திறந்து காட்ட வேண்டும். அப்பா இடம் பிடிப்பதற்கென்று தனியாக ஒரு துண்டு வைத்துக்கொண்டார்.

இப்போது நான் வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். தம்பி வடக்கே எங்கோ பாறைகளை ஆராய்கிற வேலையில் இருக்கிறான். மிட்டாயை அவனே வாங்கிக்கொள்கிறான். அம்மாவுக்கு வயதாகி, எங்கள் இருவருடையதிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். சர்க்கரையும் உண்டு, மார்கழியில் இளைப்பும் உண்டு. இந்த வருடம் தெருப் பெண்களோடு சமயபுரத்துக்கு நடந்தே போகப் போவதாகச் சொன்னாள். தம்பி போனில் கத்தினான். நானும் கூடாது என்றேன். அப்பா வழக்கம்போல் பாத்துக்கலாம் என்றார். அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ஒன்ன நான் வெளாட விட்டேனா இல்லியா?"

இதற்கு மேல் என்ன பேசுவது? மூக்கில்லாத மணப்பெண் பையை நானே எடுத்துத் துடைத்து, இன்ஹேலர், மாத்திரை, மிட்டாய் எல்லாம் வைத்தேன். அம்மாவுக்கும் அதே நீல மருந்துதான். அவளுடையது தீர்ந்திருந்ததால் என்னுடையதை வைத்தேன். விடியற்காலையில் திருச்சி ரோடு வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மஞ்சள் புடவைக் கூட்டம் காத்திருந்தது.

"தொறந்து காட்டும்மா" என்றேன்.

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பையை விரித்துக் காட்டினாள். மிட்டாயில் பாதியைக் காணவில்லை. நேற்றே சர்க்கரை இறங்கிவிட்டது என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் அவள் கழுத்துக் குழியைப் பார்த்தேன், சீராக இருந்தது. போ, முடியலன்னா கையத் தூக்கு என்றேன். சிரித்தாள்; செருப்பைக் கழற்றி என் வண்டியில் போட்டுவிட்டு நடந்தாள்.

கூட்டம் வளைவு வரை போயிருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு கை மேலே எழுந்தது, ஊதாப் பையோடு. நான் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கபடிக் களத்தில்கூட அப்படி ஓடியதில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு போய் அவள் தோளைப் பிடித்தேன்.

"என்னம்மா, முடியலியா?"

"போயிட்டு வரேன்னு கை காட்டுனேன்டி" என்றாள்.

நடந்தே போய்விட்டாள். நான் திரும்பி வண்டியை நோக்கி வந்தேன். பாதி வழியில் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்தது. பை அவளிடம் இருந்தது.