கோந்துக் கையோடு நடத்திய பாடங்கள்

வாத்தியார் தொழிலில் பாடம் நடத்துவது பாதி வேலைதான். நடத்திய இடத்தைப் பெருக்கி முடிப்பது மீதிப் பாதி.

பட்டாபிராம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் எடுக்கிறேன். கணக்கு டீச்சர் விடுப்பில் போனால் கணக்கும் என் தலையில்தான். எந்தப் பாடமானாலும் வெட்டுவது, ஒட்டுவது, வரைவது என்று ஏதாவது ஒரு கைவேலையோடு சேர்த்து நடத்துங்கள் என்று ஒரு பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து என் பையில் கத்தரிக்கோலும் கோந்தும்தான். கோந்து கசிந்து, வருகைப் பதிவேட்டில் இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மாத வருகையே காணாமல் போன அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அந்தப் பலருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆளுக்கு எவ்வளவு?

கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்தார். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த வேண்டும். பழுப்பு அட்டைக் காகிதத்தில் ஆளுக்கொரு வட்டம் வெட்டச் சொன்னேன். "இது ஒரு சப்பாத்தி. உங்க வீட்ல எத்தனை பேரோ அத்தனை பங்கா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதுங்க" என்றேன். நாலு பேர் இருந்தால் கால் கால், ஐந்து பேர் இருந்தால் ஐந்தில் ஒன்று என்று வரும் என்பது என் கணக்கு.

தர்ஷினி வெட்டியதில் ஐந்து துண்டு இருந்தது. கிட்டத்தட்ட பாதி சப்பாத்தி அப்பாவுக்கு. இரண்டு அண்ணன்களுக்குச் சுமாரான துண்டுகள். தனக்கு ஒரு சின்னத் துண்டு. அம்மா என்று எழுதியிருந்தது நகம் அளவுக்கு இருந்தது. எழுத்தே அதில் முழுசாக அடங்கவில்லை. "பின்னம்னா எல்லாப் பங்கும் சமமா இருக்கணும்மா, தப்பா வெட்டியிருக்கே" என்றேன். அவள் துண்டுகளை ஒருமுறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பன்னா எங்க ஊட்ல பின்னமே கெடையாது மிஸ்."

பழுப்புக் காடு

கிஷோர் ஏழாம் வகுப்பு. வீடு தண்டவாளத்தை ஒட்டி. எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும், எது எங்கே நிற்காது என்று எல்லாம் மனப்பாடம். பெரியவனானால் ரயில் ஓட்டுவேன் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. இந்திய வரைபடத்தில் காடுகளுக்கு வண்ணம் தீட்டச் சொன்ன அன்று, மொத்தக் காட்டையும் பழுப்பில் தீட்டிக் கொண்டுவந்தான். விளையாட்டுத்தனம் என்று நினைத்து, சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவன் நோட்டை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போனான்.

மறுநாள் அவன் பக்கத்தில் உட்காரும் பெண் என் மேஜைக்கு வந்து, காதருகே சொன்னாள்: "மிஸ், அவன் எப்பவும் என்னைக் கேட்டுத்தான் கலர் எடுப்பான். நேத்து நான் லீவு." எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மதியம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பென்சில்களைப் பரப்பி வைத்துப் பச்சையை எடுக்கச் சொன்னேன். கை பழுப்பின் மேல் போய் நின்றது. அங்கிருந்து பச்சைக்கு நகர்ந்தது. திரும்பவும் பழுப்புக்கே வந்தது. அவன் அம்மாவை வரவழைத்துச் சொன்னேன். கண் ஆஸ்பத்திரியில் பார்த்து, பிறவியிலேயே சில நிறங்கள் பிரித்துத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ரயில் ஓட்டும் வேலைக்கு இது ஆகாது என்பதையும் டாக்டர் அவன் முன்னாலேயே சொல்லிவிட்டாராம்.

ஒரு வாரம் அவன் ரயில் சத்தம் கேட்டால்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நான் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கே தோன்றியது. அவன் நோட்டில் "கவனக்குறைவு" என்று எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அது யாருடைய கவனக்குறைவு என்று எனக்குத் தெரியும். வகுப்பில் இருந்த எல்லா வண்ணப் பென்சில்களிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினேன். அடுத்த திங்கட்கிழமை, இடைவேளை மணி அடித்தும் வெளியே போகாமல் நின்றுகொண்டிருந்தான்.

"மிஸ், டிரைவர் ஆவ முடியாது, செரி. டயம் டேபிள் போடறாங்களே, அவங்களுக்கும் கலர் தெரியணுமா?"

ஆறு மீட்டர்

செரிமான மண்டலம். சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய ஆறு மீட்டர் என்று எழுதிப் போட்டால் எந்தப் பிள்ளையும் ஆச்சரியப்படாது. அதனால் துணி காயப்போடும் கயிறு வாங்கிவந்து, ஆறு மீட்டர் அளந்து, இளஞ்சிவப்புக் கிரேப் காகிதத்தைச் சுற்றி ஒட்டச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றபோது, தலைமையாசிரியை அறைவாசல் வரைக்கும் போய்விட்டது. "இது மொத்தமும் வயித்துக்குள்ளயா கீது?" என்று ஒருவன் தன் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

பாடம் முடிந்து சுருட்டி வைத்திருந்தேன். மறுநாள் விளையாட்டுப் போட்டி. ஓட்டப் பாதைக்குக் கட்டக் கயிறு போதவில்லை என்று உடற்கல்வி சார் பள்ளிக்கூடம் முழுக்கத் தேடி, கடைசியில் ஆசிரியர் அறைக்கு வந்தார். அங்கே கல்வி அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை.

"மேடம், உங்க சிறுகுடலை ஒரு நாளைக்குக் குடுங்க, நாளைக்குச் சாயங்காலமே திருப்பிக் குடுத்துடறேன்."

இரண்டு கையும் ஒன்று

சமச்சீர் நடத்தும்போது எல்லாரும் பட்டாம்பூச்சி வரைவார்கள். நான் உள்ளங்கையை வைத்துக் கோடு போட்டு, இடக்கையில் உள்ள படம் வலக்கையில் திரும்பி வரும்படி வரையச் சொன்னேன். பாதிப் பிள்ளைகளுக்கு வரவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. அஃப்ரின் எழுந்து, "எங்க அம்மி கல்யாணப் பொண்ணுங்களுக்கு மெகந்தி போடுவாங்க மிஸ், ரெண்டு கையும் ஒரே மாதிரி வரும்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அம்மா பூந்தமல்லியில் ஒரு கல்யாண வீட்டு வேலையை முடித்துவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறி வந்தார். முதலில் வாசலிலேயே நின்றார். உள்ளே வரக் கூச்சம். மெகந்திக் கோனைக் கையில் எடுத்ததும் கூச்சம் போய்விட்டது. காகிதத்தை நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தள்ளி என்று விரலால் அளந்து காட்டினார். நான் இரண்டு பாடவேளையில் சொல்லாததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். "இதுதாங்க சமச்சீர், ஏழாம் வகுப்புக் கணக்கு" என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் ஏழாவதுல கணக்குல பெயிலாகி நின்னவ டீச்சர், இதான் கணக்குன்னு அப்பவே ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

நீலத்தில் பதினோரு வீடு

வரைபடம் படிக்கப் பழக்குவதற்காக எங்கள் பகுதியையே பெரிய சார்ட்டில் செய்தோம். பள்ளிக்குப் பின்னால் ஒரு ஏரி உண்டு. பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்து, அதன் கரையை அப்படியே நான் வரைந்து கொடுத்தேன். பிள்ளைகள் உள்ளே நீலக் காகிதம் ஒட்டினார்கள். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகையில் குட்டி வீடுகள் வெட்டி, அவரவர் வீடு இருக்கும் இடத்தில் ஒட்டினார்கள். முடிந்தபோது பதினோரு வீடு நீலத்தில் நின்றது. யாரும் தப்பாக ஒட்டவில்லை. கண்காட்சிக்காக அதை வராந்தாவில் மாட்டினோம்.

மறுநாள் காலை ஒரு மாணவியின் அப்பா வந்தார். வேலு, பெயின்டர். சண்டைக்கு வரவில்லை, குரலே எழும்பவில்லை. "மிஸ், இதை ஆபீசருங்க யார்னா பாப்பாங்களா? பத்திரம் கீது, கரண்டு கீது, எல்லாம் கீது. ஆனா படத்துல தண்ணில நிக்குதே" என்றார். வரைபடம் பொய் இல்லை. அவர் பயமும் பொய் இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பதினோரு வீட்டையும் நானே பிய்த்தெடுத்தேன். அப்படியும் கோந்துத் தடம் தெரிந்தது. சார்ட்டைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பிள்ளைகள் கேட்டபோது, ஈரத்தில் கெட்டுவிட்டது என்று பொய் சொன்னேன். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிப் பக்கத்துக் குடும்பங்களை எங்கள் பள்ளியில் தங்க வைத்தார்கள். வேலுவும் மனைவியும் மகளும் என் வகுப்பறையில்தான் இருந்தார்கள். இன்னும் சில வீடுகளில் வயதானவர்கள் வெளியே வர முடியாமல் மாடியில் இருந்தார்கள். படகோடு வந்த ஆட்களோ வெளியூர். எந்தச் சந்து எங்கே என்று தெரியாமல் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். வேலு நேராக என்னிடம் வந்தார்.

"மிஸ், அந்தப் படத்தை எட்த்தாங்க, பதினோரு ஊட்டையும் அதே எடத்துல ஒட்டுங்க, படகுல போறவங்களுக்கு நாங்க எங்க கீறோம்னு தெரியட்டும்."

இத்தனை கைவேலைக்குப் பிறகும் நான் பலகையில் வரையும் பசுவைப் பிள்ளைகள் நோட்டில் "ஆடு" என்றுதான் குறித்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.